ஒன்றரை நொடி இரைச்சல்

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாவது மாதிரியும் சொதப்பிவிட்டது. காலையில் பட்டறையைத் திறந்ததிலிருந்து தம்பி என் தலையைத் தின்றுகொண்டிருக்கிறான். அவனுக்கென்ன, விற்கிறவன். சாலிடர் புகையில் கண் எரிய உட்கார்ந்திருப்பது நான்.

கருவி பார்ப்பதற்குச் சோப்புப்பெட்டி மாதிரி இருக்கும். மூடி ஒருவர் கையில், அடி இன்னொருவர் கையில். இரண்டிலும் கட்டைவிரல் வைக்க ஓர் உலோகத் தகடு. இரண்டு பேர் உடலால் நெருங்குவதற்கு முன் ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டு விரலை வைக்க வேண்டும். மஞ்சள் விளக்கு எரியும். பத்து நொடி இருவரும் எடுக்காமல் இருந்தால் பச்சை. இருவருக்கும் சம்மதம் என்று தேதியும் நேரமும் உள்ளே பதிந்து பூட்டிக்கொள்ளும். நடுவில் யார் விரலை எடுத்தாலும் சிவப்பு, சம்மதம் இல்லை. அவ்வளவுதான். சொல்லும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

ஆர்டர் கொடுத்திருப்பது, முன்பின் தெரியாதவர்களைப் போனில் அறிமுகப்படுத்திப் பழகவைக்கும் ஒரு நிறுவனம். ஏப்ரல் நான்காம் தேதி கையெழுத்து. கையெழுத்தானால் எங்கள் பெயர் போட்டு வெளிவரும் முதல் பொருள் இதுதான். இத்தனை வருடமாக மற்றவர்களுடைய தானியங்கி கேட்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் போர்டு செய்து கொடுத்தே காலம் போய்விட்டது.

தகராறு என்னவென்றால், விரலை எடுக்காமலேயே சிவப்பு வருகிறது. கீழ்த்தளத்தில் அச்சகம் வைத்திருக்கும் கணவன் மனைவிதான் எங்கள் சோதனை ஜோடி. டீ நேரத்தில் மேலே வந்து சளைக்காமல் விரலை வைத்துவிட்டுப் போகிறார்கள். இன்று பாதிக்கு மேல் சிவப்பு. “எங்களுக்கு டைவர்ஸ் வாங்கிக் குடுக்காம விடமாட்டீங்க போலிருக்கு” என்று அந்த அம்மாள் சிரித்தார். அவர் கணவர் சிரிக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

பிடித்துவிட்டேன்!

விரல் வியர்த்தால், தகட்டின் மேல் இருக்கும்போதே தொடர்பு அறுந்து அறுந்து ஒட்டுகிறது. ஆளுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரிகிறது. இப்படிப்பட்ட வேண்டாத துடிப்புக்கு எங்கள் தொழிலில் இரைச்சல் என்று பெயர். இரைச்சலை வடிகட்டுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கேட் போர்டுக்கு எழுதிய அதே நாலு வரி நிரலை எடுத்து இதிலும் போட்டேன். காற்றில் பறக்கிற இலை குறுக்கே வந்தால் கேட் நின்றுவிடக் கூடாது என்பதற்காக அப்போது எழுதியது. தொடர்பு அறுந்து ஒன்றரை நொடிக்குள் மறுபடி ஒட்டிவிட்டால், அறுந்ததாகவே எடுத்துக்கொள்ளாதே. விஷயம் முடிந்தது.

அச்சகத்து ஜோடி மாலையில் வந்து வைத்தார்கள். பச்சை. மறுபடி பச்சை. வைத்த தடவையெல்லாம் பச்சை. தம்பி விசில் அடித்தான். இவனுக்கு நாற்பது நெருங்குகிறது, இன்னும் விசில் அடிக்கிறான்.

மார்ச் 7, வெள்ளி

நானும் விசில் அடித்துப் பார்த்தேன். காற்றுதான் வந்தது.

மார்ச் 11, செவ்வாய்

நிறுவனத்திலிருந்து மேலாளர் அம்மாள் வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். கருவியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சை விளக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அடிக்கடி சிவப்பு வந்தால் வாங்கியவர்கள் பயந்துவிடுவார்கள், இப்போது நன்றாக இருக்கிறது என்றார். ஒரே ஒரு குறை. இதுவரை சோதித்ததெல்லாம் பட்டறையில், டீ நேரத்தில். கையெழுத்துக்கு முன் ஒரு ஜோடியாவது வீட்டில், உண்மையாகவே உபயோகித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று அவருடைய மேலிடம் கேட்கிறதாம்.

அச்சகத்து அம்மாளைக் கேட்டோம். வீட்டில் மாமியார் இருக்கிறார், இது என்ன பெட்டி என்று கேட்டால் யார் பதில் சொல்வது என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. எங்களுக்குத் தெரிந்த மற்ற ஜோடிகளிடம் இதைக் கேட்கிற தைரியம் எங்கள் இருவருக்கும் இல்லை.

“அக்கா, நீயும் மாமாவும்…” என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. சாலிடர் கம்பியை முறைத்துக்கொண்டு நின்றான். காது மடல் சிவந்திருந்தது. சரி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அவனை விடுவித்தேன்.

மார்ச் 12, புதன்

இவரிடம் சொன்னேன். இவர் கால்நடை மருத்துவர். நாய், பூனை, எப்போதாவது ஒரு கிளி. “ஏன், எலி கெடைக்கலியா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எலிக்கு வேண்டாம் என்று சொல்ல வழியில்லையே என்றேன். சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

மார்ச் 15, சனி

எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவைக்கிறேன், இதை வேறு யாரிடம் சொல்ல?

மகள் விடுதிக்குப் போனதிலிருந்து வீடு அமைதியாகக் கிடக்கிறது. மாலையில் பெட்டியைக் கட்டில் நடுவில் வைத்தேன். இருவரும் தேர்வு எழுதப் போகிறவர்கள் மாதிரி எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். விரலை வைத்ததும் இவர், கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன் என்றார். எனக்குச் சிரிப்பு வந்து தோள் குலுங்கியது. பத்து நொடி இத்தனை நீளமா? பதினெட்டு வருடத்தில் நாங்கள் ஒருவரையொருவர் இப்படிக் கேட்டுக்கொண்டதே இல்லை. அவர் கை நீளும், நான் புரிந்துகொள்வேன், அவ்வளவுதான் எங்கள் பாஷை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது புதிதாக, இன்பமாக இருந்தது. பச்சை வந்ததும் ஏதோ பரிசு விழுந்த மாதிரி கைதட்டினார்.

தொழில்முறைக் குறிப்பு: கருவி நன்றாக வேலை செய்தது. (தொழில்முறையாம்!)

மார்ச் 19, புதன்

இன்றும் பச்சை. மேலாளருக்குத் தம்பி சேதி அனுப்பிவிட்டான். அவன் என் முகத்தைப் பார்க்காமல் சுவரிடம் கேட்டான், நானும் சுவரிடமே பதில் சொன்னேன்.

மார்ச் 22, சனி

விரலை எடுத்தேன். சிவப்பு வரவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

நேற்று அந்த ஒரு வரிக்கு மேல் கை ஓடவில்லை. இன்று நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

நேற்று முழுக்க எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. உடம்பு சரியில்லை என்றும் சொல்ல முடியாது. யாரும் என்னைத் தொடாமல் விட்டால் போதும் என்று ஒரு நாள் வருமே, அப்படி ஒரு நாள். மாலையில் இவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். முகத்தில் ஒரு குஷி. நான் விரலை வைத்தேன். வைக்கும்போதே வேண்டாம் என்று இருந்தது. மஞ்சள் எரிந்துகொண்டிருக்கும்போது எடுத்துவிட்டேன். நழுவவில்லை, எடுத்தேன். எடுத்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார், சின்னப் பிள்ளை மாதிரி. ஐயோ பாவம் என்று திரும்ப வைத்துவிட்டேன். விளக்கு ஒரு கணம்கூட மாறவில்லை. மஞ்சள், மஞ்சள், பிறகு பச்சை.

பிறகு நடந்ததில் இவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. வழக்கமான இவர்தான். நான்தான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு, ஏன் சிவப்பு வரவில்லை, ஏன் வரவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சிவப்பு வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? வாயைத் திறந்து சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. ஆனால் ஒன்று, சிவப்பு எனக்காகச் சொல்லியிருக்கும். அதற்குத்தானே இந்தப் பெட்டி?

மார்ச் 24, திங்கள்

கருவியில் பழுது எதுவும் இல்லை. அதுதான் கொடுமை. நான் என்ன எழுதினேனோ அதையே ஒழுங்காகச் செய்திருக்கிறது. விரல் ஒன்றரை நொடிக்குள் திரும்பிவிட்டது, ஆகவே இலை, ஆகவே இரைச்சல். உள்ளே தேடிப் பார்த்தேன். நான் எடுத்ததற்கு ஒரு சுவடும் இல்லை. வடிகட்டியில் விழுந்ததைச் சேமிக்க வேண்டாம் என்று எழுதியதும் நானேதான். சனிக்கிழமை மாலை நான் முழுமனதோடு சம்மதித்தேன் என்று என் கருவி சத்தியம் செய்கிறது!

அச்சகத்து ஜோடிக்கு ஏன் இது நடக்கவில்லை? எதற்கு நடக்கும்? டீ குடித்துக்கொண்டு விரலை வைத்தவர்கள். அவர்கள் எதற்கும் சம்மதிக்கவே இல்லையே, தயங்குவதற்கு. கேட் செய்து பழகிய கை எனக்கு. கேட்டுக்கு மனசு மாறாது.

தம்பியிடம், அந்த ஒன்றரை நொடியை எடுக்க வேண்டும் என்றேன். அவன் துள்ளிக் குதித்தான். பத்து நாளில் கையெழுத்து, எல்லாச் சோதனையும் பச்சை, நன்றாக ஓடுவதை எதற்குக் கிளற வேண்டும் என்றான். ஒருவர் யோசித்து விரலை எடுத்து மறுபடி வைத்தால் கருவி கவனிக்காது என்றேன்.

“அப்படி யாரு எடுத்தா? எப்போ நடந்துச்சு? சொல்லேன்.”

சொல்ல முடியவில்லை. இவனுக்கு நான் கால்சட்டை மாட்டிவிட்டிருக்கிறேன். இவனிடம் போய் என் கட்டில் கதையை எப்படிச் சொல்வது? சும்மா தோன்றியது என்றேன். சும்மா தோன்றியதற்காகவெல்லாம் மாற்ற முடியாது என்று போய்விட்டான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மார்ச் 25, செவ்வாய்

சொல்லாமலே மாற்றிவிட்டால் என்ன? மாற்றினால் சிவப்பு கூடும். ஏன் கூடியது என்று மேலாளர் கேட்பார், தம்பி பழையதைத் திரும்பப் போடச் சொல்வான். காரணம் சொல்லியே ஆக வேண்டும். காரணம் ஒன்றுதான் இருக்கிறது.

அதுவும் எனக்கு மட்டும் சொந்தமான காரணம் இல்லை. கட்டிலில் இரண்டு பேர் இருந்தோம். இவருக்குத் தெரியாமல் இவர் கதையைத் தம்பியிடம் அவிழ்த்துவிட்டால், நானும் இவரிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டவள்தானே?

அப்படியென்றால் முதலில் இவரிடம் சொல்ல வேண்டும். இவர் நல்ல மனிதர். நல்ல மனிதரிடம் இதைச் சொல்வதுதான் இன்னும் கஷ்டம்.

சொல்லாமல் விட்டால்? கையெழுத்தாகும். எங்கேயோ ஒரு அறையில், எனக்குத் தெரியாத ஒருத்தி விரலை எடுப்பாள். பெட்டி பச்சை காட்டும். பிறகு அவள் என்ன சொன்னாலும் பெட்டி சொன்னதைத்தான் நம்புவார்கள். என் நாலு வரி அவள் வாயை அடைத்துவிடும்.

மார்ச் 27, வியாழன்

சொல்லிவிட்டேன்.

வீட்டில் வாய் வரவில்லை. மாலையில் இவருடைய கிளினிக்குக்குப் போனேன். கடைசியாக வந்த பூனை ஒன்று மேசையில் இருந்தது, காதில் புண். பூனைக்காரர் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“சனிக்கிழம நான் விரல எடுத்தேங்க.”

பூனையின் காதுக்குள் விளக்கை அடித்துக்கொண்டே, எந்த விரல் என்று கேட்டார். பெட்டியில் வைத்த விரல் என்றேன். விளக்கை அணைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“செவப்பு வரலியே.”

“வராது. வராத மாதிரி நான்தான் எழுதி வச்சிருக்கேன்.”

“நழுவிடுச்சா?”

“இல்ல. வேண்டாம்னுதான் எடுத்தேன்.”

“அப்புறம் ஏன் திரும்ப வச்சே?”

“உங்க மூஞ்சியப் பாத்தேன்.”

அவர் கை தன்பாட்டுக்குப் பூனையின் காதருகே போயிற்று. அது தலையை இம்மியளவு விலக்கியது, நான் பார்த்துக்கொண்டிருந்ததால் தெரிந்தது. அவர் கையை உடனே எடுத்துவிட்டார். எடுத்த கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பூனைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றார்.

உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை, தம்பியிடம் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் இது அப்படியே வெளியே போய்விடும், உங்களைக் கேட்காமல் சொல்ல மாட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். யோசிக்க வேண்டும் என்றார். யோசியுங்கள் என்றேன். பூனைக்காரர் உள்ளே வந்துவிட்டார். காதுக்குச் சொட்டு மருந்து எத்தனை வேளை என்று இவர் விளக்க ஆரம்பித்தார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

மார்ச் 29, சனி

வீட்டில் ஒரே மரியாதை. தண்ணீர் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். ஃபேனைக் கூட்டலாமா? ஜன்னலைச் சாத்தலாமா? இந்தப் பக்கம் படுத்துக்கொள்ளலாமா? விருந்தாளி வீட்டில் இருப்பது போல இருக்கிறது. ஃபேனுக்கெல்லாம் என்னைக் கேட்காதீர்கள் என்று எரிந்து விழுந்தேன். அதற்கும் ஸாரி சொன்னார். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டேன். இருவரும் அந்தப் பக்கமே போவதில்லை.

மார்ச் 30, ஞாயிறு

பேசவில்லை. சண்டையும் இல்லை. சண்டை போட்டிருந்தால் இதற்குள் முடிந்திருக்கும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

“இந்தப் பெட்டிக்கு முன்னாடியும் இருந்துச்சா? இந்த மாதிரி?”

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பதினெட்டு வருடத்தையும் சேர்த்து அவரிடமிருந்து பிடுங்க வேண்டுமா? பிறகு நினைத்தேன், கேட்கிறவருக்கு உண்மையைச் சொல்லாமல் இருப்பதும் விரலைத் திரும்ப வைக்கிற வேலைதான்.

“இருந்துச்சு. எப்பவும் இல்ல. சில நாள்.”

“ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கல. கேட்டிருந்தாலும் சொல்லிருப்பேனான்னு தெரியல.”

தலையணை உறையை என் கையிலிருந்து வாங்கி உதறிக் கொடியில் போட்டார். கிளிப் மாட்டினார். கண் கலங்கியிருந்தது. மற்ற நாட்களெல்லாம் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதையும் சேர்த்து நம்புங்கள் என்றேன். நம்புகிறேன் என்றார். எந்த நாள் எந்த நாள் என்று இனிமேல் கண்டுபிடிக்க முடியாதே என்பதுதான் வருத்தமாக இருக்கிறதாம். இவர் மனம் வலிப்பது எனக்கும் வலித்தது, ஆனாலும் சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, தம்பியிடம் சொல்லலாம், ஆனால் நானே வந்து சொல்கிறேன் என்றார்.

ஏப்ரல் 2, புதன்

மத்தியானம் பட்டறைக்கு வந்தார். கிளினிக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, முழுக்க நாய் முடி. தம்பி நாற்காலி எடுத்துப் போட்டான். இவர் உட்காரவில்லை.

“மாப்ள, அன்னிக்கு உங்கக்கா விரல எடுத்தா. எனக்குத் தெரியாது. நான் வெளக்கப் பாத்துட்டிருந்தேன்.”

தம்பிக்கு முகம் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கிடைத்த ஒயரை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தான். சுருட்டி முடித்ததும் பிரித்தான்.

“பெட்டி இல்லேன்னா அவ மூஞ்சியப் பாத்திருப்பேன். பாத்திருந்தா புரிஞ்சிருக்குமோ என்னமோ, தெரியல. பெட்டி இருந்ததால பாக்கவே இல்ல. நாளைக்கு ஒருத்தன் இதக் கொண்டுவந்து, பச்சதான் வந்துச்சுன்னு சொல்வான். அவன் பொய் சொல்லல. அந்தப் பொண்ணு, நான் விரல எடுத்தேன்னு சொல்வா. அவளும் பொய் சொல்லல. யார நம்புவே?”

“போதும் மாமா” என்றான் தம்பி. ஒயரைக் கீழே வைத்தான். டீ சொல்லட்டுமா என்று கேட்டான். மூவரும் டீ குடித்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, ஆனால் கோபமாகவும் யாரும் இல்லை. இவர் கிளம்பிய பிறகு தம்பி என் மேசைக்கு வந்து, எத்தனை மணி நேரத்தில் மாற்ற முடியும் என்று கேட்டான்.

பதினெட்டு வருடத்தில் இவரை இன்றைக்குப் பிடித்த அளவுக்கு எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. அதை இவரிடம் சொல்லியும்விட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

மாற்றிவிட்டேன். வியர்வைத் துடிப்பு மின்னலாக வந்து மின்னலாகப் போகிறது. அவ்வளவு வேகமாக எந்த மனிதரும் விரலை எடுத்து வைக்க முடியாது. அதை மட்டும் வடிகட்டினேன். மனிதக் கையால் செய்யக்கூடிய எதுவாக இருந்தாலும் அதற்கு மதிப்பு உண்டு. எடுத்தால் சிவப்பு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதல் நாளே யோசித்திருந்தால் முதல் நாளே எழுதியிருக்கலாம். எனக்குப் பச்சை வேண்டியிருந்தது, அதனால் யோசிக்கவில்லை.

சோதனையையும் மாற்றினேன். அச்சகத்து ஜோடியிடம், சும்மா வைக்காதீர்கள், உங்களுக்குள் முடிவாகாத ஒரு விஷயத்தை நினைத்துக்கொண்டு வையுங்கள் என்றேன். கணவர் உடனே, விலைக்கு வந்திருக்கும் ஒரு பழைய பெரிய அச்சு மெஷினை வாங்கலாமா என்பதுதான் என்றார். அம்மாள் விரலை வைத்தார். மஞ்சள். சற்றுக் கழித்து மெல்ல எடுத்தார், வேகமாகத் திரும்ப வைத்தார். சிவப்பு.

“நீ சரின்னு சொன்னியே” என்றார் அவர்.

“சொன்னேன்” என்றார் அம்மாள். இருவரும் படியிறங்கிப் போகும்வரை மெஷினைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள். அவர் கேட்டுக்கொண்டும் அம்மாள் பேசிக்கொண்டும்.

ஏப்ரல் 4, வெள்ளி

கையெழுத்து நாள்.

மேலாளர் அம்மாள் தன்னோடு நாலு பேரைக் கூட்டி வந்திருந்தார். மாற்றி மாற்றி ஜோடியாக உட்காரவைத்தோம். நேற்றுப் போலவே, முடிவாகாத ஒன்றை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். சிவப்பு, பச்சை, சிவப்பு, சிவப்பு. மேலாளரின் முகம் மாறிக்கொண்டே வந்தது. போன மாதம் நன்றாக இருந்ததே, என்ன செய்தீர்கள் என்றார். வடிகட்டியைப் பற்றிச் சொன்னேன். எப்படித் தெரிந்தது என்றும் சொன்னேன், இவர் சொல்லலாம் என்று சொன்ன அளவுக்கு.

அவர் புரிந்துகொண்டார். அதை அவர் முகத்தில் பார்த்தேன், தன் கட்டைவிரலை மற்றக் கையால் மூடிக்கொண்டார். ஆனாலும் தன் மேலிடத்தில் இதைச் சொல்ல முடியாது என்றார். வாங்குகிறவர்களுக்கு வேண்டியது நிம்மதி, பாதிக்கு மேல் சிவப்பு காட்டுகிற பொருளைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? பழைய வடிவத்தையே கொடுங்கள், இப்போதே கையெழுத்துப் போடலாம் என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி சொல்லிவிட்டான். ஒற்றைக்காலில் நின்று இந்த ஆர்டரைப் பிடித்தவன் அவன்.

“இல்லீங்க. பழசு தரமாட்டோம்.”

ஒருமுறை யோசித்துப் பாருங்கள் என்றார் மேலாளர். “யோசிச்சுட்டோம்” என்றான். யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத பிள்ளை.

அவர்கள் போனதும் இருவரும் பெட்டிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கினோம். பசிக்கிறது என்றான். எனக்கும்தான் என்றேன்.

ஏப்ரல் 9, புதன்

மறுபடியும் கேட் போர்டு. மனசு ஆறவில்லை. ராத்திரி பகலாக உழைத்தது வீண்தானா என்று ஒரு குரல். வீண் இல்லை என்று இன்னொன்று. இரண்டையும் பேசவிட்டு நான் சாலிடர் வைக்கிறேன்.

ஏப்ரல் 21, திங்கள்

எங்கள் பெட்டியைப் போலவே ஒன்றை அந்த நிறுவனத்துக்கு வேறு யாரோ செய்து தருவதாகக் கேள்வி. தம்பிதான் சொன்னான். அவர்கள் எத்தனை நொடி வைத்திருப்பார்களோ. மேலாளர் அம்மாளுக்கு ஒரு சேதி அனுப்பினேன், வடிகட்டியில் எதைப் பார்க்க வேண்டும் என்று விவரமாக. நாலு வரிதான், யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றும் எழுதினேன். ‘கிடைத்தது. நானே கேட்டுப் பார்க்கிறேன்’ என்று பதில் வந்தது. அதற்கு மேல் என் கையில் ஒன்றும் இல்லை.

மே 10, சனி

ஃபேனுக்கு என்னைக் கேட்பது நின்றுவிட்டது. அப்பாடா. மற்றதற்குக் கேட்கிறார். முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ பஸ் கண்டக்டரிடம் சில்லறை கேட்கிற மாதிரி. இன்று நான் கேட்டேன். வாயால், முழு வாக்கியமாக. அவருக்கு வெட்கம் வந்துவிட்டது, இந்த வயதில்!

ஜூன் 8, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தோம். கிளினிக்குக்கு வந்த நாய் ஒன்று வீட்டுக்காரரின் காலுறையை விழுங்கிவிட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தி, என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார்.

“வேண்டாம்” என்றேன். காரணம் எதுவும் தேடவில்லை. தலைவலி என்றோ நாளைக்கு வேலை என்றோ சொல்லவில்லை.

“சரி” என்றார். விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். காலுறை எக்ஸ்ரேயில் எப்படித் தெரிந்தது, நாய் எப்படி ஒன்றும் தெரியாதது போல வாலை ஆட்டியது என்று. கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.

எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். காலுறை என்னதான் ஆயிற்று என்று கேட்டேன். வெளியே வந்துவிட்டதாம், ஜோடியில் ஒன்றுதான். இன்னொன்றை இன்னும் தேடுகிறார்களாம். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வேண்டாம் என்று சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.